கூரைமேல் சாமிப் பெட்டி

எங்கும் போகும் வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள், அதுதான் என் தலையெழுத்து. பேர் வைத்த ருஷ்யன் நகரத்தில் அடுப்போரம் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பான். இங்கே வடகோடிப் பனிவெளியில், யூரிபெய் ஆற்றுப் பக்கம் எவனுக்குப் பல் வலித்தாலும், எந்தக் கூடாரத்தில் மாவு தீர்ந்தாலும், ஹெலிகாப்டர் வரவில்லை என்றதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாப்கோவின் வண்டிதான் எங்கேயும் போகுமே என்பார்கள். வண்டி போகும். ஓட்டுகிறவனுக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறது, அவனும் தூங்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆள் நெஞ்சு உயரத்துக்கு நாலு டயர். அவற்றில் காற்றை அரைகுறையாகத்தான் அடைப்போம். உள்ளங்கையால் அழுத்தினால் பிசைந்து வைத்த மாவு மாதிரி உள்வாங்க வேண்டும். அப்படி இருந்தால்தான் புதுப்பனியில் புதையாது, கோடையில் தரைப் பாசியைக் கிழிக்காது, தண்ணீரில் இறங்கினாலும் அந்த டயர்களே வண்டியைத் தூக்கி மிதக்க வைக்கும். ஒரு தடவை என் கால்மேலேயே ஏறி இறங்கியிருக்கிறது, நகம்கூடப் பெயரவில்லை. பட்டறையில் நானும் கோமி இனத்து வெல்டர் ஒருவனும் சேர்ந்து கட்டிய வண்டி அது. எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் பனிமான் மேய்த்தார்கள், நான் இதை மேய்த்தேன்.

அந்த வசந்தத்தில் வழக்கம்போல மந்தைகள் எல்லாம் ஆற்றின் பனி உடைவதற்குள் வடகரைக்குப் போய்விட்டன. என் அண்ணன் தேதாகோவின் மந்தையும் போய்விட்டது. அண்ணி ஹத்னே மட்டும் போகவில்லை. குளிர்காலத்தில் சறுக்குவண்டி கவிழ்ந்து காலை முறித்துக்கொண்டவள், ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்து விட்டதும் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. மந்தையை விட்டு எப்படி வர முடியும் என்று அவளே அவனுக்காகப் பேசுவாள். மந்தையை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் வாங்க வரமுடிந்ததே என்று என் மனைவி முணுமுணுப்பாள், அவள் காதில் விழாதபடி.

ஊர் வீட்டில் அண்ணிக்குத் தூக்கமே வராது. சுவர் நாலு பக்கமும் நேராக நிற்கிறது, மூச்சு முட்டுகிறது என்பாள். கட்டிலை விட்டு இறங்கி வாசற்கதவை ஒட்டிப் படுத்துக்கொள்வாள். ஆற்றுப் பனி நிற்கிறதா, கறுத்துவிட்டதா என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்பாள். பனி போய்விட்டால் மந்தை கடலோரம் வரை போய்விடும். அப்புறம் ஆறு மறுபடி உறையும்வரை அவள் இங்கேதான் கிடக்க வேண்டும்.

"தம்பி, என் கூடாரத்துல என் பக்கத்துல போய்ப் படுத்தாப் போதும்டா. கால் கூடுனாக் கூடுது, கூடாட்டிப் போகுது," என்றாள் ஒருநாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மீனவர் குடிசையிலிருந்து அண்ணன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான். தென்கரையில் எங்கள் பழைய குளிர்கால முகாமில் நிற்கிறானாம். பனி ஸ்கூட்டர் எரிந்துபோய்விட்டதாம், வண்டியை எடுத்துக்கொண்டு உடனே வா என்றான். நான் அப்போதுதான் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களுக்குச் சாமான் இறக்கிவிட்டு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சாய்ந்திருந்தேன். இருந்தாலும் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தேன். பெண்டாட்டியை அழைத்துப்போக வந்திருக்கிறான் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். அவள் தலைவாரிக்கொண்டாள். புதுச் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

முகாமுக்குப் போனபிறகுதான் விஷயம் புரிந்தது. இடம்பெயர்ந்தபோது குலசாமியை ஏற்றிப்போகிற சாமி வண்டியின் சறுக்குக்கட்டை உடைந்து, அதைத் தென்கரையிலேயே விட்டுப் போயிருக்கிறார்கள். அதில் இருந்த சாமிப் பெட்டியை எடுத்துப்போகத்தான் அண்ணன் வந்திருக்கிறான். அண்ணியைப் பார்த்ததும் அவன் முகம் மலரத்தான் செய்தது, பொய் சொல்லக்கூடாது. மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கே, இதை வைத்து ஓநாயை அடிக்கலாமே என்று கிண்டல் பண்ணினான். அவள் சிரித்தாள். அத்தனை மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு பெட்டியை எங்கே ஏற்றுவது என்று ஆரம்பித்தது. சாமி இருக்கிற இடத்துக்குள் பெண் இருக்கக்கூடாது, ஆகையால் உள்ளே வைக்க முடியாது. பின்னால் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துப் போகலாம் என்றேன். அண்ணன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். பெண் முன்னால் போய், அவள் போன தடத்திலா சாமி வருவது என்றான். கூரைதான் பாக்கி. கூரையின் பின்பாதியில் மாற்று டயர் படுத்திருக்கிறது. முன்பாதியில் மேல்மூடி இருக்கிறது, அவசரத்துக்கு ஆள் வெளியேறுகிற வழி அது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் நேரே அந்த மூடியின் மேலேயே வைத்தான்.

ஆற்றுப் பனியில் இறங்குமுன் மேல்மூடியைத் திறந்துவிட வேண்டும். கதவுத் தாழ்ப்பாளை நீக்க வேண்டும். மேலங்கியின் பொத்தானைக் கழற்ற வேண்டும். இதில் எவனும் விளையாடுவதில்லை. மூடிமேல் வேண்டாம் அண்ணே என்று நான் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன்.

"வண்டி மிதக்கும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறியே, அப்புறம் என்னடா பயம்?" என்றான். "சாமி மேல இருக்கட்டும், பொம்பள கீழ இருக்கட்டும். அதுதான் முறை."

அண்ணியும் அவன் பக்கம்தான் பேசினாள். முறை அதுதானே தம்பி என்றாள். எனக்கு வாய் வலித்தது, கண் எரிந்தது, இந்தக் குடும்பத்தோடு வாதாடி ஜெயித்த நாள் எனக்கு நினைவில்லை. கட்டித் தொலை என்று விட்டுவிட்டேன். மான்தோல் வாரால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டினான்.

ஆறு கறுக்கத் தொடங்கியிருந்தது. கரையோரம் பனிக்கு மேலேயே தண்ணீர் ஓடிற்று. அண்ணன் நீளக் கழியோடு முன்னால் நடந்து குத்திப் பார்த்துக்கொண்டே போனான், நான் அவன் காலடியைப் பார்த்து ஓட்டினேன். டயரில் இருந்த காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டிருந்தேன். அண்ணி என் பக்கத்தில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, கூடாரத்துக்குப் போனதும் முதலில் எந்தப் பானையைக் கழுவுவது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் போன பிறகு ஒருத்தியும் அதைத் தேய்த்திருக்க மாட்டாள் என்றாள். நடு ஆற்றைத் தாண்டியாயிற்று என்று தோன்றியபோது பனி உடைந்தது.

உடைந்ததில் எனக்குப் பயமில்லை. அதற்குத்தானே இந்த வண்டி. ஒரு முங்கு முங்கி எழுந்து மிதந்தது, அண்ணிகூட, ஐயோ ஊஞ்சல் மாதிரி இருக்கே என்றாள். பனியின் விளிம்பில் முன் டயரை ஏற்றி வெளியே வரப் பார்த்தேன். அந்த விளிம்புக்குள் எந்தக் காலத்து இரும்போ உறைந்து கிடந்திருக்கிறது, யாரோ வலை கட்ட அடித்த கம்பியாக இருக்கும். இடது முன் டயரை நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அந்த மூலை அப்படியே கீழே போயிற்று. வலப்பக்கம் ஒரு பனிப்பாளம் எழும்பி வந்து கதவோடு ஒட்டி நின்றது. இடப்பக்கக் கதவு பாதிக்குமேல் தண்ணீருக்குள். அதைத் திறந்தால் ஆறு முழுவதும் உள்ளே வரும். வலக்கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன், அசையவில்லை. மேல்மூடியைத் தள்ளினேன், அதன்மேல் சாமி உட்கார்ந்திருந்தது.

பெடலுக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது. டயர் மெதுவாகத்தான் காற்றை விட்டது, ஆனால் விட்டுக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இத்தனை களைப்பில் கோபப்படக்கூட ஆள் தெம்பாக இருக்க வேண்டும்.

அண்ணன் ஓடிவந்து கூரையில் ஏறினான். கத்தியால் வாரை அறுத்தான், பெட்டியை நகர்த்தினான், மூடியைத் திறந்தான். குளிர்காற்று அடித்தது, அவன் முகம் தெரிந்தது. கையைக் கொடு என்றான். அண்ணி அண்ணாந்து பார்த்தாள். பெட்டி மூடியின் ஓரத்திலேயே இருந்தது. கூரை சரிந்திருந்ததால் அதை வைக்க வேறு இடமும் இல்லை. அவள் வெளியே வந்தால் அதைத் தாண்டித்தான் கால் வைக்க வேண்டும்.

"அத எடுங்க," என்றாள். "அதத் தாண்டி நான் வரமாட்டேன்."

"அண்ணி, இப்ப இதெல்லாமா?" என்றேன்.

"நீ சும்மா இரு. நம்ம குடும்பத்துக்கு ஆகாதுடா." குரல் நடுங்கிற்று, பிடிவாதம் நடுங்கவில்லை. பிறகு அண்ணனிடம் சொன்னாள். "அதோ அந்தப் பனிமேல வச்சிட்டு வந்திருங்க. நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவள் காட்டிய இடம் பக்கத்தில்தான் இருந்தது, கையை நீட்டினால் எட்டும் என்று சொல்லலாம். அண்ணன் தலையாட்டினான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான். முன்கண்ணாடியின் வலப்பாதி இன்னும் தண்ணீருக்கு மேலே இருந்தது, அதன் வழியாக அவன் முதுகு நன்றாகத் தெரிந்தது. அவள் சொன்ன இடத்தை அடைந்தான். ஒரு காலை ஊன்றி அழுத்திப் பார்த்தான். வைக்கப்போகிறான் என்று நினைத்தோம். அவன் வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனான், அங்கேயும் வைக்கவில்லை. வடகரையை நோக்கி நடந்துகொண்டே இருந்தான்.

"கரைக்கே போறாரு போல," என்றாள் அண்ணி. தண்ணீர் அவள் இருக்கையைத் தொட்டிருந்தது. மாவுக்கட்டு நனைந்து ஓரம் கரையத் தொடங்கியது.

வடகரை, மான் பிடிக்கிற சுருக்குக்கயிற்றை இரண்டு தடவை வீசினால் எட்டுகிற தூரம். அவன் போய்ச் சேர்ந்தான். சரி, வைத்துவிட்டு ஓடிவருவான் என்று நான் மூடி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவன் தன் மேலங்கியைக் கழற்றித் தரையில் விரித்தான். பெட்டியை அதன்மேல் வைத்தான், முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று திருப்பித் திருப்பி வைத்தான். பிறகு மண்டியிட்டு மடியிலிருந்து எதையோ எடுத்தான். மான் கொழுப்பு. சாமிக்குத் தீட்டுப் படாமல் இருக்கப் புகை போடப் பார்க்கிறான். காற்றில் தீக்குச்சி பற்றவில்லை. ஒன்று அணைய இன்னொன்று கிழித்தான்.

நான் ஹாரனை அழுத்தினேன். அது தண்ணீருக்குள்ளிருந்து ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி கத்தியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, பொறு என்று காட்டினான்.

அண்ணி அதைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை, திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

"குனி தம்பி," என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் என் தோளைப் பிடித்து அமுக்கினாள். எங்களில் ஒரு பெண் ஆணின் தலைக்கு மேலே போகமாட்டாள், அவன் படுத்திருந்தால் தாண்டமாட்டாள், அவன் கயிற்றைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள். என் அம்மா சாகும்வரை நான் கழற்றிப் போட்ட பூட்ஸைத் தாண்டியதில்லை. அண்ணி எல்லோரையும்விடக் கறார்.

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னத் திட்டாத," என்றாள்.

"இதுக்கு மேல எனக்கு என்ன அண்ணி ஆகணும்? வண்டியே போயிருச்சு. ஏறு," என்றேன்.

அவள் நல்ல காலை என் தொடையில் வைத்தாள், பிறகு தோளில். அந்த மாவுக்கட்டுக் கால் என் காதில் உரசிக்கொண்டு போயிற்று. விளிம்பைப் பிடித்துத் தன் கைப்பலத்தாலேயே தன்னை மேலே இழுத்துக்கொண்டாள். அத்தனை மாதம் படுத்துக்கிடந்தவளுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. நான் மான்தோலையும் கயிற்றையும் பின்னால் கிடந்த பலகையையும் மேலே தள்ளிவிட்டு அவளுக்குப் பின்னால் ஏறினேன்.

கூரையில் நின்று பார்த்தால் இரண்டு கரையும் தெரிந்தன. வடகரை கிட்டே. தென்கரை கொஞ்சம் தூரம், ஆனால் எங்கள் தடம் இன்னும் முழுசாக இருந்தது, வண்டியைத் தாங்கிய பனி அது. நான் பலகையை வடக்குப் பக்கம் போட்டேன். வேறெங்கே போடுவது?

"எடு அத," என்றாள். "இந்தப் பக்கம் போடு."

பயத்தில் திசை தப்பிவிட்டது என்று நினைத்தேன். கூடாரம் அந்தப் பக்கம் என்று காட்டினேன். அவள் நான் காட்டிய பக்கம் பார்க்கவில்லை.

"அண்ணி, இப்பப் போகலன்னா பனி போயிரும். மறுபடி ஆறு உறையுற வரைக்கும் ஊர்லதான் கெடக்கணும்."

"தெரியும்," என்றாள். "போடு."

அவளோடு வாதாட எனக்கு உயிர் இல்லை. அதுமட்டும் காரணம் என்று சொன்னால் பொய். பலகையைத் தெற்குப் பக்கம் திருப்பிப் போட்டேன். அவள் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். மான்தோலில் அவளைப் படுக்கவைத்துக் கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்தேன். பாரம் ஒரே இடத்தில் விழக்கூடாது, டயர் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அடியில் பனி முனகிற்று. நான் டயரை, ஆற்றை, கம்பி அடித்தவனை, என் அண்ணனை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இழுத்தேன். திட்டினால் கொஞ்சம் சூடாக இருந்தது.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது வண்டியின் கூரையும் மாற்று டயரும் மட்டும் வெளியே தெரிந்தன. மூன்று குளிர்காலம் கட்டிய வண்டி. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அண்ணி என் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கரையில் கடைசியில் புகை எழும்பிவிட்டது. அண்ணன் எழுந்து ஆற்றைப் பார்த்தான். வண்டி இருந்த இடத்தைப் பார்த்தான், அப்புறம் எங்களைப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பனிமேல் ஓடிவந்தான், வண்டி உடைத்த இடத்தருகே வந்ததும் நின்றான். அந்த ஓட்டை அதற்குள் அகன்றுவிட்டது. மேலும் கீழும் ஓடிப் பார்த்தான், தாண்ட வழியில்லை. அவன் மேலங்கி இல்லாமல் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. என் அண்ணன் கெட்டவன் இல்லை. அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

அவன் வாயில் கையைக் குவித்துக்கொண்டு கத்தினான்.

"ஹத்னே! பயப்படாத! பெட்டியில ஒரு சொட்டுத் தண்ணி படல!"

அவளுக்கு அந்தக் கவலைதான் இருக்கும் என்று அவன் நிஜமாகவே நம்பினான். அவன் முகத்தில் அத்தனை நிம்மதி.

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரைந்துபோன மாவுக்கட்டு அவள் விரலோடு வந்தது. அதை உருட்டி உருட்டிக் கீழே போட்டாள். பதில் சொல்லு அண்ணி, பாவம் நிற்கிறான் என்றேன்.

அவள் மூச்சை இழுத்து அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "மந்தை தூரம் போயிரும், கெளம்புங்க! அந்தச் சட்டைய எடுத்துப் போட்டுக்கங்க, குளுருது!"

பிறகு என்னிடம் திரும்பி, அவனுக்குக் கேட்காத குரலில், "அவருக்கு வேண்டியதக் கரை சேத்துட்டாருடா தம்பி. என்னய ஊருக்குத் தூக்கிட்டுப் போ," என்றாள்.